‘ஹவுஸ் ஆஃப் த ரைசிங் சன்’ பிரிட்டிஷ் ராக் குழுவான அனிமல்ஸ் எழுதிய பாட்டா?

“1964இல் அனிமல்ஸ் இயற்றிய பாட்டு” என்று மலேசியாவின் சுங்கை சிப்புட் வாட்சாப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. இது அமெரிக்க நாட்டுப்பாடல். நாட்டுப்பாடகர் கிளாரன்ஸ் ஆஷ்லி 1933லேயே பதிவு செய்துவிட்டார். 1937இல் கென்டக்கியில் ஜார்ஜியா டர்னர் பாடியதை நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் பதிந்தார். பாப் டிலனின் 1962 இசைத்தட்டிலும் உண்டு. அனிமல்ஸ் தட்டின் லேபிளிலேயே மரபுப்பாடல் என்றுதான் போட்டிருக்கிறது. குழுவின் கீபோர்டு கலைஞர் ஆலன் பிரைஸ் பெயர் இசை ஒழுங்கமைப்புக்கு மட்டும். முழுப் பதிவு சுமார் நாலரை நிமிடம். மூன்று நிமிடத்துக்குள் முடிந்தால் அது அமெரிக்காவில் வெட்டி வெளியிட்டது.

கூடவே அனுப்பும் கார்டு (chord, சேர்த்து வாசிக்கும் சுரக்கூட்டு) வரிசையும் பிழை. ஏ மைனர், சி, டி மேஜர், எஃப் என்று போகவேண்டும். தோட்டத்துக் கல்யாண பேண்டு டி மைனர் பிடித்தால் டி மேஜரில் உள்ள எஃப் ஷார்ப் சுரம் போய்விடும்; அதிலிருந்து எஃப்புக்கு வழுக்கும் அந்த அழகும் போச்சு. தாளம் 6/8, அதாவது சுற்றுக்கு ஆறு எண்ணிக்கை; நாலு தட்டு அல்ல.