கட்டியவரையே உள்ளே விடாத வீடு

இங்கிலாந்தில் இருக்கும் பிளென்ஹைம் அரண்மனைக்குப் போய்வருகிறவர்கள் எல்லாரும் வின்ஸ்டன் சர்ச்சில் பிறந்த அறையைத்தான் படம் எடுத்துப் போடுகிறார்கள். போடட்டும். என்னைக் கேட்டால் அங்கே பார்க்க வேண்டியது பாலம்.

1704 ஆகஸ்ட் 13, டான்யூப் நதிக்கரையில் பிளென்ஹைம் என்ற ஊரருகே பிரெஞ்சு ராஜா பதினான்காம் லூயியின் படையை மார்ல்பரோ டியூக் ஜான் சர்ச்சில் முறியடித்தார். இங்கிலாந்து ராணி ஆன் மனசு குளிர்ந்துபோய் ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் உட்ஸ்டாக் நிலத்தைக் கொடுத்து, வீட்டையும் கட்டித் தருகிறேன் என்றார். எவ்வளவு தருவார் என்று எழுத்தில் வாங்கி வைக்கவில்லை, அங்கேதான் வில்லங்கம். 1705இல் அஸ்திவாரம் போட்டு, 1712இல் அரசாங்கப் பணம் நின்று, கொத்தனார்களுக்குக் கூலி பாக்கி விழுந்து, வழக்கு வரைக்கும் போனது.

டியூக்கின் மனைவி சாராவுக்கு வசதியாக இருக்க ஒரு வீடு போதும், அதையும் பேர்பெற்ற கட்டடக் கலைஞர் கிறிஸ்டபர் ரென் கட்ட வேண்டும் என்று ஆசை. அமைந்தவரோ ஜான் வான்ப்ரூ. பழைய சிப்பாய், நாடக ஆசிரியர், அப்புறம்தான் கட்டடக்கலை. அவர் கட்டியது வெற்றிச் சின்னம். சமையல்கட்டு முற்றத்து வாசலுக்கு மேலே பாருங்கள், இங்கிலாந்துச் சிங்கம் பிரெஞ்சுச் சேவலைக் கடித்துக் குதறுகிறது, கிரின்லிங் கிப்பன்ஸ் செதுக்கியது. சோறு பொங்கும் இடத்திலுமா போர்? எனக்கென்னவோ சாரா பக்கம்தான் நியாயம்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். இந்தக் குடும்பம் கட்டிய வீட்டைக் காப்பாற்றவே ஒரு கல்யாணம் பண்ணியது. 1895இல் ஒன்பதாவது டியூக், அமெரிக்க ரயில்வே கோடீஸ்வரர் வீட்டுப் பெண் கான்சுவேலோ வாண்டர்பில்ட்டைக் கட்டினார். அவளுக்குப் பதினெட்டு வயது, மனசில் வேறொருவர். சீதனப் பணத்தில் வீடு பளபளத்தது. கல்யாணம் விவாகரத்தில் முடிந்தது.

பாலத்துக்கு வருகிறேன். சின்ன ஓடை ஒன்றைத் தாண்ட, உள்ளே முப்பதுக்கும் மேற்பட்ட அறைகளோடு வான்ப்ரூ ஒரு பாலம் கட்டினார். ஓடைக்கு இவ்வளவு பெரிய பாலமா என்று சாரா கொதித்தார். சண்டை முற்றி 1716இல் வான்ப்ரூ வேலையை விட்டுப் போனார். முடிந்த வீட்டை 1725இல் பார்க்க வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள், மறுவருஷம் இறந்தும் போனார். 1760களில் தோட்டம் அமைக்கும் கலைஞர் கேப்பபிலிட்டி பிரவுன் வந்து அந்த ஓடைக்கு அணை போட்டு ஏரியாக்கினார். அப்போதுதான் பாலம் அளவாகத் தெரிந்தது, ஆனால் கீழ்த்தள அறைகள் முழுகிப்போயின. இப்போதும் கரையில் நின்றால் தண்ணீருக்குச் சற்று மேலே பாலத்தின் ஜன்னல்கள் தெரியும்.