கோழிக் கூண்டும் விற்பவர் சொல்லும் கணக்கும்

நேற்று முன்தினம் ஒரு கோழிக் கூண்டு விளம்பரத்தின் கீழே நடந்த வாக்குவாதத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். 4 அடி நீளம், 2 அடி அகலம் கொண்ட ஒற்றைத் தட்டு ரெடிமேட் கூண்டு. "20 கோழிகள் தாராளமாக அடையும்" என்ற விளம்பரம். 20 என்பது எந்தக் கணக்கு, கம்பி என்ன கேஜ் (கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்) என்று மட்டும்தான் கேட்டேன். "கோழிக்கு என்ன பங்களாவா கட்டித் தர முடியும்?" என்று விற்பவரிடமிருந்து பதில் வந்தது. அந்தப் பதிலுக்கு என்னுடன் பல வருடமாகப் பழகியவர்களும் விருப்பக்குறி இட்டிருந்ததுதான் என்னை இதை எழுத வைக்கிறது.

பங்களா வேண்டாம். கணக்கைப் பாருங்கள். மொத்தத் தரை 8 சதுர அடி. அதை 20 கோழிகளுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 0.4 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 370 சதுர சென்டிமீட்டர் கிடைக்கும். ஒரு ஏ4 தாளின் பரப்பே 620-ஐத் தாண்டும். பழைய பாணி பேட்டரி கூண்டுகளை (முட்டைக் கோழிகளை நெருக்கி அடைக்கும் கம்பிக் கூண்டு வரிசைகளை) 2012 முதல் தடை செய்த ஐரோப்பிய ஒன்றியம், கூண்டில் வளர்த்தாலும் ஒரு முட்டைக் கோழிக்கு 750 சதுர சென்டிமீட்டர் தர வேண்டும் என்கிறது. நம் ஊரில் "தாராளம்" என்று விற்கப்படுவது அதில் பாதிகூட இல்லை.

"பகலெல்லாம் மேயப் போகிற கோழி, இரவில் அடைவதற்கு மட்டும்தானே?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இரவுக்கு மட்டும் என்றாலும் வளர்ந்த கோழிக்கு ஒரு சதுர அடியாவது வேண்டும். அப்படியானால் 8 கோழிகள். குச்சியில் உட்கார ஒரு கோழிக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் தேவை. கூண்டின் நீளத்துக்கு வைக்கும் 4 அடிக் குச்சியில் ஆறு கோழிகள் உட்காரலாம், மற்றவை எச்சத்தின் மீதுதான் படுக்க வேண்டும். இத்தகைய கூண்டை நகரத்தில் மொட்டை மாடிக்கு வாங்குகிறவர்கள் பகலிலும் திறந்துவிடப் போவதில்லை. நாள் முழுவதும் அடைத்து வைப்பதென்றால் ஒன்றுக்கு 2 சதுர அடி, ஆக நான்கே கோழிகள். உயரத்தைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. ஒன்றரை அடி உயரத் தட்டில் பெருவிடைச் சேவல் (உயரமான நாட்டுக்கோழி வகை) கழுத்தை நிமிர்த்தி நிற்கவே முடியாது.

ஆகவே "எத்தனை கோழி பிடிக்கும்?" என்று கேட்காதீர்கள். எத்தனை சதுர அடி, என்ன கேஜ் என்று கேளுங்கள்.

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் இருக்கும் என் அக்கா இப்படி ஒரு கூண்டைத்தான் வாங்கினார். வெள்ளிபோல் மின்னியது. ஐப்பசி மழை முடிந்தபோது எச்சத் தட்டு உட்காரும் அடிச்சட்டத்தில் பெயின்ட் செதில் செதிலாக உரிந்து நின்றது. நகத்தால் சுரண்டினால் உள்ளே வெறும் கறுப்பு இரும்பு. துருவைத் தடுக்கும் துத்தநாகப் பூச்சே இல்லை. ஈரமும் எச்சத்தின் அம்மோனியாவும் சேர்ந்தால் முதலில் அரிப்பது வெல்டிங் புள்ளிகளைத்தான். அவை விட்டுப்போன மூலையைக் கீரி ஓர் இரவில் தள்ளித் திறந்துவிட்டது. காலையில் அக்கா தொலைபேசியில் பேசியபோது கோழிகளின் எண்ணிக்கையைச் சொல்லவில்லை, அடைக்கு வைத்திருந்த கறுப்புக் கோழியைப் பற்றி மட்டுமே திரும்பத் திரும்பச் சொன்னார்.

விலை குறைவாக இருந்தால்தான் ஏழைகள் வாங்க முடியும் என்று எனக்கு ஏழைகளைப் பற்றிப் பாடம் எடுத்தவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். கிராமத்தில் கோழி என்பது பெண்களின் சிறுவாடு. முட்டை விற்ற காசும் சேவல் விற்ற காசும்தான் பிள்ளையின் நோட்டுப் புத்தகமாகவும் தனக்கென ஒரு சேலையாகவும் மாறுகின்றன. கணவரிடம் கை நீட்டாமல் செலவழிக்கக்கூடிய பணம் பலருக்கு அதுதான். அந்தப் பணத்தில் கூண்டு வாங்க வருகிறவரிடம், மழைக்காலம் ஒன்றைத் தாங்காத பொருளைக் கொடுத்துவிட்டு, குறைந்த விலைக்குக் கொடுத்தோம் என்று சொல்வது எப்படி உதவியாகும்? மூங்கிலில் பின்னிய பஞ்சாரம்கூட அவரை ஏமாற்றியதில்லை. அது எத்தனை கோழிக்கு என்பது அதைப் பின்னியவருக்கும் வாங்கியவருக்கும் தெரிந்திருந்தது.

நான் ஒருவருடைய வியாபாரத்தைக் கெடுப்பதாக எழுதியிருக்கிறார்கள். கடையின் பெயரை நான் எங்கும் சொல்லவில்லை, இப்போதும் சொல்லப் போவதில்லை. வாங்கப் போகிறவர்கள் வலையின் நடுவில் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். குழிந்தால் நாய்க்கும் குழியும். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பதை நினைவில் வையுங்கள். அறுகோணக் கோழி வலை கோழியை வெளியே விடாமல் தடுக்குமே தவிர, நாயை நிறுத்தாது. கண் அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் பாம்பும் எலியும் நுழையும். மேலே வெறும் தகரம்தான் என்றால் சித்திரை வெயிலில் உள்ளே இருக்கும் கோழிக்கு வியர்க்கவும் வழியில்லை, வாயைப் பிளந்து மூச்சிரைப்பது ஒன்றுதான் வழி. அதன் மீது தென்னங்கீற்றாவது வேய்ந்துகொள்ளுங்கள்.

விற்பவரிடம் நான் கேட்பது விலைக் குறைப்பு அல்ல. விளம்பரத்தில் நீளம், அகலம், உயரம், கம்பியின் கேஜ், பூச்சு என்ன என்ற விவரங்களை எழுதிவிட்டு, 20 என்பதை 8 என்று திருத்துங்கள். அன்றைக்கே இந்தப் பதிவை நீக்கிவிடுகிறேன்.