கண் பழகிவிடும், கைதான் முரண்டு பிடிக்கும்

மானிட்டர் வாங்கப் போகிறேன் என்று கேமிங் குழுவில் யாராவது எழுதினால் போதும், ஒருவர் ஓடி வந்து எச்சரிப்பார்: "144 ஹெர்ட்ஸ் ஒருதரம் பார்த்துட்டா அப்புறம் 60க்குத் திரும்பவே முடியாது ப்ரோ." இதைச் சொல்கிறவர்களில் சிலர் 'தைரியமா வாங்கு' என்கிற அர்த்தத்தில் சொல்கிறார்கள், சிலர் 'வாங்கினா கெட்டுப்போவ' என்கிற அர்த்தத்தில். எனக்கு இரண்டுமே ஒத்துவரவில்லை. (ஹெர்ட்ஸ் என்பது திரை ஒரு செகண்டில் எத்தனை தடவை படத்தை மாற்றுகிறது என்கிற எண்.) சென்னை அறையில் 165 ஹெர்ட்ஸ் மானிட்டர், ஊருக்குப் போனால் 60 ஹெர்ட்ஸ் லேப்டாப், அக்கா வீட்டில் சாதாரண டிவியில் மாட்டிய பிளேஸ்டேஷன் 5 என்று மூன்றுக்கும் நடுவே மாறி மாறி ஆடுகிறவன் நான். திரும்ப முடியும். நம்மில் எது சீக்கிரம் திரும்புகிறது, எது அடம்பிடிக்கிறது என்பதைத்தான் யாரும் பிரித்துச் சொல்வதில்லை.

கணக்கு ரொம்பச் சின்னது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் 16.7 மில்லி செகண்ட் நிற்கும். 144இல் 6.9. 240இல் 4.2. ஆக 60இலிருந்து 144க்குப் போனால் ஒவ்வொரு படத்துக்கும் கிட்டத்தட்ட 10 மில்லி செகண்ட் மிச்சம். 144இலிருந்து 240க்குப் போனால் மிச்சமாவது 3 மில்லி செகண்ட்கூட இல்லை. கடைக்காரர் ஹெர்ட்ஸ் எண்ணைக் காட்டி விற்கிறார். நாம் உணர்வதோ இந்த மில்லி செகண்டை. அதனால்தான் 240இலிருந்து 144க்கு இறங்கியவர்கள் பெரும்பாலும் சத்தமே போடுவதில்லை. 144இலிருந்து 60க்கு இறங்குகிறவர்கள்தான் புலம்புவார்கள்.

சரி, கண்ணைப் பற்றி முதலில். 60 ஹெர்ட்ஸ் எல்சிடி ஏன் கலங்கலாகத் தெரிகிறது? படம் அடுத்த படம் வரும்வரை அசையாமல் நிற்கிறது, ஆனால் நம் கண் ஓடும் பொருளைத் தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கிறது. நின்றுவிட்ட படத்தின் மேல் கண் நகர்வதால் விழித்திரையில் அது இழுபட்டுப் பதிகிறது. 1920 பிக்சல் அகலத் திரையை ஒரு எதிரி ஒரு செகண்டில் கடந்து ஓடுகிறான் என்றால், 60 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 32 பிக்சல் அகலத்துக்கு அவன் உருவம் தேய்ந்து தெரியும். 144இல் 13 பிக்சல். 240இல் 8. பிக்சல் நிறம் மாற எடுத்துக்கொள்ளும் நேரம், அதாவது ரெஸ்பான்ஸ், இதற்கு மேல் தனி. 'ஒரு மில்லி செகண்ட் ரெஸ்பான்ஸ்' என்று பெட்டியில் அச்சடித்த 60 ஹெர்ட்ஸ் மானிட்டரும் இதே மாதிரி தேய்க்கிறதே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பிரவுசிங் சென்டர் காலத்தில் கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 என்கிற சுடும் விளையாட்டை ஆடியவர்கள் இந்தப் பிரச்சினையையே பார்த்ததில்லை. அன்றைய சிஆர்டி மானிட்டர்களை, அதாவது பழைய டிவி மாதிரியான பிக்சர் டியூப் பெட்டிகளை, 85, 100 ஹெர்ட்ஸில் ஓட்ட முடிந்தது. அதைவிட முக்கியம், சிஆர்டி ஒவ்வொரு படத்தையும் ஒரு மின்னல் போல வெட்டிவிட்டு அணைந்துவிடும். படம் நிற்பதே இல்லை, எனவே இழுபடுவதும் இல்லை. அப்புறம் மெலிந்த எல்சிடி வந்தது. மேஜையில் இடம் மிச்சம், கரண்ட் மிச்சம், பார்க்க அழகு. ஆனால் 60 ஹெர்ட்ஸ். போட்டிகளுக்குப் போகிற ஆட்டக்காரர்கள் அந்தக் கனத்த சிஆர்டிகளை விடாமல் பிடித்து வைத்திருந்ததற்கு இதுவே காரணம். 120 ஹெர்ட்ஸ் எல்சிடி கடைக்கு வந்தது 2009இல்தான், அதுவும் முப்பரிமாணக் கண்ணாடியோடு சேர்த்து விற்பதற்காக. அதாவது ஒரு தலைமுறை முழுக்க உயரத்திலிருந்து பள்ளத்தில் இறங்கி, சில வருஷம் அங்கேயே குடியிருந்து, பிறகு ஏறியிருக்கிறது. திரும்ப முடியாது என்று யார் சொன்னது? ஒட்டுமொத்தமாகத் திரும்பி, பெரிதாக முணுமுணுக்காமல் ஆடிக்கொண்டுதானே இருந்தோம்.

கண் அப்படித்தான். ஊருக்குப் போய் லேப்டாப்பைத் திறந்ததும் மவுஸ் அம்பே தத்தித் தத்திப் போகிற மாதிரி இருக்கும். முதல் மேட்ச் எரிச்சலாக இருக்கும். அன்றைக்கு ராத்திரிக்குள் அது மறந்துபோகும். மறுபடி மேலே ஏறும்போதும் இதே கதைதான்: முதல் நாள் வெண்ணெய், மூன்றாம் நாள் வெறும் திரை. தியேட்டரில் செகண்டுக்கு 24 ஃபிரேமில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து ரசிக்கிற கண் இது. அதற்குப் போய் இவ்வளவு கவலை வேண்டாம்.

கை வேறு ஜாதி.

தியேட்டரில் நாம் எதையும் அசைப்பதில்லை. விளையாட்டில் அசைக்கிறோம். மவுஸை நகர்த்தியதற்கும் திரை நகர்ந்ததற்கும் உள்ள இடைவெளியை மூளை ஒரு நிலையான அளவாக எடுத்துக்கொண்டு, கையை அதற்கேற்ப முன்கூட்டியே நிறுத்தக் கற்றுக்கொள்கிறது. திரை மாறினால் அந்த இடைவெளி மாறுகிறது. கை பழைய கணக்கிலேயே நிறுத்துகிறது. குறி தலையைத் தாண்டிப் போய் நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் பைக்கை வாங்கி ஓட்டும்போது கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று தெரியாமல் முதல் சிக்னலில் வண்டி அணைந்துபோகிறதே, அதே விவகாரம். ஓட்டத் தெரியாமல் இல்லை, இந்த வண்டியின் அளவு இன்னும் கைக்குப் போய்ச் சேரவில்லை.

கவுன்டர் ஸ்ட்ரைக்கில் ஏகே-47 நிமிஷத்துக்கு 600 குண்டு, அதாவது 100 மில்லி செகண்டுக்கு ஒன்று. 60 ஹெர்ட்ஸில் இரண்டு குண்டுக்கு நடுவே 6 படம் பார்க்கிறீர்கள். 144இல் 14 படம். துப்பாக்கி மேலே எகிற எகிறக் கீழே இழுத்துக் கட்டுப்படுத்துவதற்குக் கிடைக்கிற தகவல் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. அது போதாதென்று லேப்டாப்பில் வி-சிங்க் (படம் நடுவில் கிழியாமல் இருக்க, திரை தயாராகும்வரை அடுத்த படத்தைக் காக்கவைக்கும் செட்டிங்) ஆன் ஆகியிருந்தால் ஒன்றிரண்டு ஃபிரேம், அதாவது படம், வரிசையில் காத்திருக்கும். 60 ஹெர்ட்ஸில் இரண்டு ஃபிரேம் காத்திருப்பது 33 மில்லி செகண்ட். மவுஸை ஏதோ தண்ணீருக்குள் இழுக்கிற உணர்வு அங்கேதான் வருகிறது. பலர் '60 ஹெர்ட்ஸ் சகிக்கல' என்று சொல்வது உண்மையில் இந்த வி-சிங்கைத்தான் என்பது என் சந்தேகம். குறைந்த ஹெர்ட்ஸ் திரையில் சுடும் விளையாட்டு ஆடியே ஆகவேண்டுமென்றால் வி-சிங்கை அணைத்துவிட்டு, படம் நடுவில் கிழிவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கிழிசலுக்குக் கண் பழகிவிடும். தாமதத்தோடு கை போராடிக்கொண்டே இருக்கும்.

சென்னை சர்வரா மும்பை சர்வரா, பிங் (சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம்) 12ஆ 30ஆ என்று மணிக்கணக்கில் சண்டை போடுகிறவர்கள் இந்த 33 மில்லி செகண்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்பது தனி வருத்தம்.

ஆகவே என் கருத்து இதுதான்: இரண்டு திரைக்கும் நடுவே 'பழகிக்கொள்வது எப்படி' என்று யோசிப்பதே வீண். திரைக்குத் தகுந்த விளையாட்டைப் பிரித்துக்கொள்ளுங்கள். வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மாதிரி கை கணக்கு வேலை செய்கிற எதையும் நான் 165ஐ விட்டு வெளியே ஆடுவதில்லை. ஊரில் இருக்கும்போது ரேங்க் மேட்ச்சுக்கு நண்பர்கள் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொல்லிவிடுவேன். திமிர் என்கிறார்கள், சொல்லட்டும். அதே லேப்டாப்பில் எல்டன் ரிங் ஆடினால் நஷ்டம் பெரிதாக எதுவும் இல்லை. 2022இல் வந்த அந்த விளையாட்டு பிசியிலும் 60 ஃபிரேமுக்கு மேல் போகாது. டெக்கன், ஸ்ட்ரீட் ஃபைட்டர் மாதிரி சண்டை விளையாட்டு ஆட்களுக்கு இந்தக் கவலை இன்னும் குறைவு. அங்கே ஆட்டமே 60இல் பூட்டப்பட்டது. அவர்கள் ஒரு குத்தின் வேகத்தையே 'பத்து ஃபிரேம்' என்று எண்ணுகிறவர்கள், அந்த ஃபிரேம் ஒரு செகண்டில் அறுபதில் ஒரு பங்கு. வேகமான மானிட்டர் அவர்களுக்கும் கொஞ்சம் தாமதத்தைக் குறைக்கும், ஆனால் ஆட்டத்தின் தாளம் மாறாது.

கன்சோல்காரர்கள் நம்மைப் பார்த்துச் சிரிக்கலாம். 2017இல் வந்த செல்டா, 'ப்ரெத் ஆஃப் தி வைல்ட்', ஸ்விட்சில் 30 ஃபிரேமில்தான் ஓடியது. உலகம் முழுக்கக் கொண்டாடினார்கள். ஸ்விட்ச் 2 வந்த பிறகு 2025இல் அதே விளையாட்டு 60இல் வந்தது, அதையும் கொண்டாடினார்கள். அதில் 30ஐ நம்மால் ஏற்க முடிந்ததற்குக் காரணம் கையில் இருப்பது ஜாய்ஸ்டிக். கட்டைவிரலால் மெதுவாகக் கேமராவைத் திருப்பும்போது ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் பெரிய தாவல் இல்லை. அதே 30ஐ மவுஸோடு ஆடிப் பாருங்கள், மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினால் உலகம் துண்டு துண்டாகப் பறக்கும். ஒன்று மட்டும் எச்சரிக்கை: ஓஎல்இடி டிவி வாங்கியவர்கள் '30 ஃபிரேம் முன்பைவிட மோசமா இருக்கே' என்று கேட்பார்கள். உண்மைதான். பழைய எல்சிடி மெதுவாக நிறம் மாறும்போது ஒரு ஃபிரேமை அடுத்ததோடு குழைத்துவிடும். ஓஎல்இடி அந்த உதவியைச் செய்யாது. படம் சட்டென்று மாறும், தாவல் அப்பட்டமாகத் தெரியும். நல்ல திரையால் வருகிற கஷ்டம்.

30க்கும் 60க்கும் நடுவே 40 என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. எண்ணைப் பார்த்தால் 45 அல்லவா நடு என்று தோன்றும். நேரத்தைப் பாருங்கள்: 30க்கு 33.3 மில்லி செகண்ட், 60க்கு 16.7, நடுவில் 25. அது 40 ஃபிரேம். 2021இல் பிளேஸ்டேஷன் 5இன் 'ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்' இதைக் கொண்டுவந்தது. ஆனால் 120 ஹெர்ட்ஸ் டிவி வேண்டும், ஏனென்றால் 120ஐத்தான் 40ஆல் சரியாக வகுக்க முடியும், 60ஐ முடியாது. ஸ்டீம் டெக் என்கிற கையடக்க கேமிங் கணினியின் எல்சிடி மாடல் இருந்தால் திரையையே 40 ஹெர்ட்ஸுக்கு இறக்கிவிடலாம். பாட்டரிக்கும் நல்லது.

இந்த வகுத்தல் விஷயம் மேலே இருப்பவர்களையும் கடிக்கும். விஆர்ஆர் (விளையாட்டின் ஃபிரேம் வேகத்துக்கேற்பத் திரையே ஹெர்ட்ஸை மாற்றிக்கொள்ளும் வசதி) இல்லாத 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 60 ஃபிரேம் விளையாட்டை ஓட்டினால் சில ஃபிரேம் இரண்டு தடவை காட்டப்படும், சில மூன்று தடவை. ஒன்று 14 மில்லி செகண்ட் நிற்கும், மற்றது 21. விலை கூடிய திரையில் படம் நொண்டும். மானிட்டரை 120க்கு இறக்கினால் ஒவ்வொன்றும் சரியாக இரண்டு தடவை. ஃப்ரீசிங்க், ஜி-சிங்க் என்கிற பெயர்களில் வரும் விஆர்ஆர் இருந்தால் இந்தத் தலைவலி இல்லை. குறைவான ஃபிரேமை மனிதன் தாங்கிக்கொள்வான், சீரில்லாத ஃபிரேமைத் தாங்கமாட்டான் என்பதை நான் எந்த இடத்திலும் சத்தியம் செய்து சொல்வேன்.

போனில் ஆடுபவர்கள்தான் இதை அதிகம் அனுபவிக்கிறார்கள், அவர்களுக்கே தெரியாமல். பிஜிஎம்ஐ (பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பு) விளையாட்டில் சில போன்களில் 90, சிலவற்றில் 120 ஃபிரேம் கிடைக்கிறது. முதல் மேட்ச்சில் அருமையாக ஓடும். நம் ஊர் ஏப்ரல் வெயிலில், சார்ஜரைச் சொருகிக்கொண்டே ஆடினால், கொஞ்ச நேரத்தில் போன் சூடாகித் தானாகவே வேகத்தைக் குறைக்கும். ஜைரோவில், அதாவது போனையே சாய்த்துத் திருப்பி, குறி வைக்கிறவருக்குக் கடைசி வட்டத்தில், சரியாக அந்த நேரம் பார்த்து, 90 என்பது 60க்கும் 70க்கும் நடுவே ஊசலாடும். ஒரே மேட்ச்சுக்குள் திரை மாறிவிட்ட மாதிரி. இதற்கு விளையாட்டின் செட்டிங்கில் 'ஸ்மூத் + எக்ஸ்ட்ரீம்' போட்டு 60இல் பூட்டி ஆடுவது எவ்வளவோ மேல். மே மாதத்தில் 90, 120 எல்லாம் ஏசி அறைக்காரர்களுக்கு.

ஃபிரேம் ஜெனரேஷன், அதாவது இரண்டு படத்துக்கு நடுவே கிராஃபிக்ஸ் கார்டே ஒரு படத்தை உருவாக்கிச் செருகுவது, பற்றிக் கேட்பீர்கள். 2022இல் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 3இல் வந்து, இப்போது எல்லா இடத்திலும் 'எஃப்.பி.எஸ். இரட்டிப்பு' என்று விளம்பரமாகிறது. அது கண்ணுக்கு 120 கொடுக்கிறது, கைக்கு 60தான் கொடுக்கிறது. நடுப்படத்தைத் தயாரிக்க அடுத்த படத்துக்காகக் காத்திருப்பதால் 60ஐவிடக் கொஞ்சம் மோசம்கூட. ஊர் சுற்றும், கதை சொல்லும் விளையாட்டுக்குத் தாராளமாகப் போடுங்கள். சுடும் விளையாட்டில் போட்டுவிட்டு 'எண் 200 காட்டுது, ஆனா ஏதோ சரியில்ல' என்று கேட்காதீர்கள்.

இதையெல்லாம் யோசிப்பதற்கு முன்னால் இன்னொன்று. நண்பர் ஒருவர் 144 ஹெர்ட்ஸ் வாங்கி, 'எனக்கு வித்தியாசமே தெரியல, எல்லாம் ஏமாத்து வேலை' என்று வெகுநாள் பேசிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் விண்டோஸ் செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸ். புது மானிட்டரை மாட்டினால் பல நேரம் விண்டோஸ் 60இலேயே நிற்கும். டிஸ்ப்ளே செட்டிங்கில் அட்வான்ஸ்டுக்குள் போய் நாம்தான் மாற்ற வேண்டும். கேபிளும் ஒரு காரணம். பழைய எச்டிஎம்ஐ கேபிளையே மாட்டியிருந்தால் 1440பி திரையில் 144 என்கிற எண்ணே பட்டியலில் வராமல் போகலாம். டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் பெட்டிக்குள் பிரிக்காமல் கிடந்தது.

அக்கா மகன் இப்போது 240 கேட்டு நிற்கிறான். அவனுடைய கிராஃபிக்ஸ் கார்டு அவன் ஆடுகிற விளையாட்டில் 150, 160க்கு மேல் நிலையாகத் தருவதில்லை. 180 ஹெர்ட்ஸ், ஃப்ரீசிங்க் உள்ள ஒன்றை வாங்கிக்கொண்டு, மிச்சக் காசுக்கு ஒரு பெரிய மவுஸ்பேட் வாங்கு என்று சொல்லியிருக்கிறேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். அந்த பிளேஸ்டேஷன் மட்டும் டிவியிலேயே இருக்கட்டும் என்பது அக்காவின் கட்டளை, அதில் எனக்கும் முழுச் சம்மதம்.