விருப்பு இலக்கத்துக்கும் விளக்கம் கேட்பீர்களா?

வவுனியாக் கூட்டத்தில் கட்சித் தலைவர் எங்கள் வன்னி எம்.பி.யை மேடையில் வைத்தே அவமானப்படுத்தியதை எல்லோரும் காணொளியில் பார்த்திருப்பீர்கள். முழுவதையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. "சின்னம் இல்லாவிட்டால் நீர் யார்?" என்று தலைவர் எங்கள் எம்.பி.யைக் கேட்டாரே, அதற்குத்தான் இந்தப் பதிவு.

யார் என்று நான் சொல்கிறேன். சின்னத்துக்கு நேரே புள்ளடி போட்ட அதே கையால் நாங்கள் விருப்பு இலக்கமும் (கட்சிப் பட்டியலில் அவருக்குரிய எண்) போட்டு அனுப்பிய மனிதர். பட்டியல் கட்சியுடையது, அதிலிருந்து ஆளைத் தெரிவு செய்தது நாங்கள். அவர் முதலில் பதில் சொல்ல வேண்டியதும் எங்களுக்குத்தான்.

அப்படி என்ன குற்றம் செய்துவிட்டார்? எங்கள் காணிகளுக்குள் வன இலாகா நட்ட எல்லைக்கற்களைப் பற்றித் தலைமையிடம் கேட்காமல் பாராளுமன்றத்தில் பேசிவிட்டார். உடனே விளக்கக் கடிதம், ஒழுக்காற்று நடவடிக்கை! கல்லை நட்டவர்களிடம் இவ்வளவு வேகமாக யாராவது விளக்கம் கேட்டதுண்டா?

ஒட்டுசுட்டான் பக்கம் என் பெரியப்பாவுக்கு மேட்டுக்காணி இருக்கிறது. போர் முடிந்த 2009இல் செட்டிக்குளம் இடம்பெயர்ந்தோர் முகாமில் கிடந்து, பிறகு திரும்பி வந்து பார்த்தால் காணி முழுவதும் பற்றை. பற்றைக்குள் வன இலாகாவின் கல். காணி அனுமதிப்பத்திரத்தைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு கட்சி அலுவலகத்துக்குப் போனோம். "தேர்தல் முடியட்டும் ஐயா" என்றார்கள். முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. இந்த எம்.பி. மட்டும் மோட்டார் சைக்கிளில் வந்து, பற்றைக்குள் இறங்கி, கல்லில் இருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போனார். கல் இன்னும் அங்கேதான் நிற்கிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவர் வந்தார்.

"கட்டுப்பாடு இல்லாவிட்டால் கட்சி எதற்கு?" என்பீர்கள். கட்சி முடிவுக்கு எதிராக அவர் வாக்களித்தாரா? பேசினார், அவ்வளவுதான். தந்தை செல்வாவின் (எஸ்.ஜே.வி. செல்வநாயகம்) படத்துக்கு மாலை போடுகிறீர்களே, 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை எதிர்த்து, தன் தலைவரான தமிழ்க் காங்கிரஸின் ஜி.ஜி. பொன்னம்பலத்தோடு முரண்பட்டு வெளியேறித்தானே அவர் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்? இதே வவுனியா 1947இல் சுயேட்சையாக அனுப்பிய சி. சுந்தரலிங்கம், அதே பிரச்சினையில் அமைச்சர் பதவியையே விட்டு வந்தவர். (1968இல் ஒடுக்கப்பட்ட சாதியினர் மாவிட்டபுரம் கோயிலுக்குள் நுழைவதை அவர் எதிர்த்து நின்றது வெட்கக்கேடு, அது வேறு கணக்கு.)

"இருப்பதே சில ஆசனங்கள், அதிலும் பிளவா?" நியாயமான கவலை. அதைத் தலைவரிடம் போய்ச் சொல்லுங்கள். "அவர் உமக்கு என்ன தந்தார்?" என்று உள்பெட்டியில் கேட்டவருக்கு என்னிடம் பதில் இல்லை.

கட்சியிலிருந்து நீக்கினால், ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, அந்த வழக்கில் வெல்லாதவரின் ஆசனம் பறிபோகும். அரசியலமைப்பின் 99ஆம் உறுப்புரை தலைவர்களுக்குக் கொடுத்திருக்கும் தைரியம் அது. நாங்கள் போட்ட விருப்பு இலக்கத்துக்கு அந்த உறுப்புரையில் ஒரு வரிகூட இல்லை.

மன்னார், வவுனியா, முல்லைத்தீவு என்று மூன்று மாவட்டங்கள் சேர்ந்தும் எங்கள் வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு ஆறே ஆசனங்கள். வாக்கு எண்ணும் இரவில் மட்டும் வன்னி எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் தலைமையை மீறிப் பேசினால் சமாதானம் பேச வீட்டுக்கே ஆள் போகிறது. எங்கள் ஆளுக்கு மேடையில், எங்கள் கண் முன்னாலேயே அவமானம். நாங்கள் கீழே கதிரையில் இருந்து கைதட்ட வேண்டுமாக்கும்!

எம்.பி. பதில் கடிதம் எழுதப் போகிறாராம். எழுதட்டும். மன்னிப்பு மட்டும் கேட்டுவிடாதீர்கள் ஐயா. கேட்டால் அடுத்த முறை உங்கள் இலக்கத்தை நானே போட மாட்டேன்.