மேப்பல் சிரப் நல்ல இனிப்பு, மருந்து அல்ல

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலப்படமே இல்லாத, கனடாவிலிருந்து நேராக வந்த அசல் மேப்பல் சிரப்பாகவே இருந்தாலும் அது சீனிதான். வாசனையான, ருசியான சீனி. அதை இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களிடம் "இயற்கை இனிப்பு, பயப்படாமல் சாப்பிடலாம்" என்று சொல்லி விற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். கோயில் குழு, தாமான் (குடியிருப்பு) குழு, பள்ளிப் பெற்றோர் குழு என்று எந்த வாட்சாப் குழுவைத் திறந்தாலும் அந்த விளம்பரம். வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் "அம்மாவுக்கு நல்லதாம்" என்று வாங்கி அனுப்புகிறார்கள். 250 மில்லி போத்தல் 30 வெள்ளியை (ரிங்கிட்) தொடுகிறது. ஒரு கிலோ சீனி 3 வெள்ளிக்குள் கிடைக்கும் நாட்டில், தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு இது சின்னக் காசு இல்லை. ஆனால் காசைவிட எனக்குக் கவலை வேறு.

என் அத்தை இளவயது முழுக்கப் பால்மரம் வெட்டியவர். இப்போது இனிப்புநீருக்கு மாத்திரை எடுக்கிறார். தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை நிறுத்திவிட்டு இந்தச் சிரப்பை ஊற்றத் தொடங்கினார். தோசைக்கும் அதுதான். கேட்டால், "இது சீனி இல்லம்மா, மரத்துப் பால்" என்பார். கிளினிக்கில் தாதி "சீனி சாப்பிடுறீங்களா?" என்று கேட்டபோது "இல்லை, விட்டுட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அவருக்குச் சொல்லி விற்றிருக்கிறார்கள். அவருடைய கிளினிக் புத்தகத்தில் எண்கள் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தன.

மரத்திலிருந்து வருவது உண்மைதான். குளிர்காலம் முடிகிற நேரத்தில், இரவில் உறைகிற குளிரும் பகலில் கொஞ்சம் வெயிலும் மாறி மாறி வரும் வாரங்களில், மேப்பல் மரத்தில் துளை போட்டு நீரை இறக்குகிறார்கள். உலகத்துக்குக் கிடைக்கும் சிரப்பில் ஏறக்குறைய 70 விழுக்காடு கனடாவின் கியூபெக் மாநிலத்திலிருந்து வருகிறது. அந்த நீர் நம் ரப்பர் பால் மாதிரி வெள்ளையாக, கெட்டியாக இருக்காது. தண்ணீர் மாதிரி தெளிவாக ஓடும். அதில் இனிப்பு 2 விழுக்காடு அளவுதான். ஏறத்தாழ 40 லிட்டர் நீரைக் காய்ச்சினால் 1 லிட்டர் சிரப் கிடைக்கும். தண்ணீரை ஆவியாக்கிவிட்டால் எது மிஞ்சும்? சர்க்கரை. அதிலும் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது கரும்புச் சீனியில் இருக்கும் அதே பொருள். உடம்புக்குள் போனதும் அது குளுக்கோஸாகவும் புருக்டோஸாகவும் உடைகிறது. மரத்திலிருந்து வந்ததா, கரும்பிலிருந்து வந்ததா என்று குடல் விசாரிப்பதில்லை.

விற்பவர்கள் ஒரு கணக்குக் காட்டுகிறார்கள். 100 கிராம் சீனியில் 100 கிராமும் சர்க்கரை, மேப்பல் சிரப்பில் 60 கிராம்தான், ஆகவே 40 விழுக்காடு குறைவு என்று. எண் சரி, கணக்குத்தான் தப்பு. சிரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதனால்தான் 60. ஆனால் நம் வீட்டில் யாரும் தராசு வைத்து இனிப்புப் போடுவதில்லை. கரண்டியால்தான் அள்ளுகிறோம். சிரப் கனமானது. ஒரு மேசைக்கரண்டி 20 கிராம் வரும், அதில் சர்க்கரை 12 கிராம், 52 கலோரி. அதே கரண்டியில் தலைதட்டிய சீனி 12.5 கிராம், 49 கலோரி. இரண்டும் ஒன்றுதான். போதாததற்குச் சீனியைக் கரண்டியில் அளந்து போடுகிறவர்கள், சிரப்பைப் போத்தலோடு சாய்க்கிறார்கள். தோசை ஓரம் வழிந்து தட்டில் தேங்குகிற வரை ஊற்றுவதை நானே பார்த்திருக்கிறேன்.

கிளைசெமிக் குறியீடு என்று இன்னொன்று சொல்வார்கள், அதாவது சாப்பிட்டதும் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று காட்டும் எண். மேப்பலுக்கு 54, சீனிக்கு 65 அளவில். வித்தியாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 54 என்பது அளவில்லாமல் ஊற்றிக்கொள்ளக் கொடுத்த அனுமதி அல்ல. கரண்டி இரண்டாகும்போது அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும்.

சரி, சத்து? இருக்கிறது. வெள்ளைச் சீனியில் கிட்டத்தட்ட ஒன்றுமே கிடையாது. மேப்பலில் மாங்கனீஸும் ரிபோஃபிளேவினும் (வைட்டமின் பி2) நல்ல அளவில் உண்டு, கொஞ்சம் துத்தநாகம், கால்சியம், பொட்டாசியம் உண்டு. விளம்பரத்தில் "ஒரு நாளுக்குத் தேவையான மாங்கனீஸ் முழுவதும்" என்று போட்டிருந்தார்கள். எவ்வளவு குடித்தால் என்று போடவில்லை. நான் கணக்குப் பார்த்தேன்: 60 மில்லி, அதாவது 4 மேசைக்கரண்டி. அதோடு கிட்டத்தட்ட 48 கிராம் சர்க்கரையும் உள்ளே போகும். உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னதன்படி 2,000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு நாள் முழுவதற்குமான உச்ச அளவே 50 கிராம். 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது. தேன், சிரப், பழச்சாறு எல்லாம் அந்தக் கணக்குக்குள்தான் வருகின்றன.

மாங்கனீஸ் வேண்டுமென்றால் அத்தை தினமும் குடிக்கிற தேத்தண்ணியிலேயே இருக்கிறது, சீனி போடாமல் குடித்தால் போதும். கால்சியத்துக்கு ஒரு கரண்டி சிரப்பில் 20 மில்லிகிராம்தான். 100 கிராம் கேழ்வரகு மாவில் 340 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. தோட்டத்தில் நம் பாட்டிகள் கூழாகக் காய்ச்சிக் கொடுத்தது இது. கரண்டிக்கு 42 மில்லிகிராம் பொட்டாசியம் என்பதும் அப்படித்தான். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் அதைப்போல 10 மடங்கு.

மேப்பல் நல்லது என்பதற்குச் சான்றாக, கியூபெக்கின் லாவால் பல்கலைக்கழகம் செய்து 2024-இல் வெளியான ஆய்வைச் சிலர் பகிர்கிறார்கள். நல்ல ஆய்வுதான். ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் எடை கொஞ்சம் கூடியவர்கள், ஏற்கெனவே சாப்பிட்டுவந்த சீனிக்குப் பதிலாக அளந்து மேப்பல் எடுத்துக்கொண்டார்கள். "பதிலாக" என்பதையும் "அளந்து" என்பதையும் விட்டுவிட்டுத்தான் நம் குழுக்களில் அது சுற்றுகிறது. மாத்திரையைக் குறைத்துக்கொண்டு இதைக் குடி என்று அந்த ஆய்வு யாருக்கும் சொல்லவில்லை.

மலேசியாவில் 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே விகிதம் மற்றவர்களைவிட அதிகம் என்பது நமக்குத் தெரிந்ததுதான். கால் எடுத்தவர்களும் டயாலிசிஸுக்குப் போகிறவர்களும் இல்லாத தெரு நம் ஊரில் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் "பயமில்லாத இனிப்பு" என்று ஒன்றை விற்பது எனக்குச் சாதாரண வியாபாரமாகத் தெரியவில்லை.

விற்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு வார இறுதியில் பேன்கேக்கில் கொஞ்சம் ஊற்றிக் கொடுங்கள், அந்த வாசனை வேறெதிலும் கிடைக்காது. விளம்பரத்தில் "ஒரு மேசைக்கரண்டியில் 12 கிராம் சர்க்கரை" என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள், அது போதும். வாங்குகிறவர்கள் முதலில் போத்தலைத் திருப்பிப் பாருங்கள். சோளச் சிரப்பில் மேப்பல் வாசனை கலந்ததும் அதே அலமாரியில்தான் இருக்கிறது. அசலில் மேப்பல் சிரப்பைத் தவிர வேறு பொருளே எழுதியிருக்காது. வீட்டில் இனிப்புநீர் உள்ளவர் இருந்தால், அடுத்த முறை கிளினிக் போகும்போது போத்தலையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். அங்கே உணவு ஆலோசனை சொல்பவரிடம் அதைக் காட்டி, ஒரு நாளைக்கு எத்தனை கரண்டி, எதைக் குறைத்துக்கொண்டு என்று கேட்டுப் புத்தகத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.