மெழுகில் பறந்த ராக்கெட்டுக்கு ஒரு வரிதானா?

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியின் விருதுகளைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை விரிவாகப் பேசுகிறது. சரி. ஆனால் மாணவர்கள் செய்த ஃபீனிக்ஸ் ராக்கெட்டுக்கு ஒரு வரிதானா?

2014ல் முதல் ஃபீனிக்ஸ் 10 கி.மீ. குறிவைத்து, சுமார் 2.5 கி.மீ.தான் எட்டியது. அவர்கள் விடவில்லை. 2021 மார்ச்சில் ஓவர்பெர்க் ராக்கெட் சோதனைத் தளத்திலிருந்து 17.9 கி.மீ. போனார்கள். ஆப்பிரிக்காவில் எந்தக் கலப்பு ராக்கெட்டும் (திட எரிபொருளைத் தனியாக வைத்திருக்கும் திரவ ஆக்சிஜனேற்றியால் எரிக்கும் ராக்கெட்) அதுவரை தொடாத உயரம்! எரிபொருள் என்ன தெரியுமா? பாரஃபின் மெழுகு. அதை எரிக்க உதவும் நைட்ரஸ் ஆக்சைடு பாயும்போது மெழுகின் மேற்பரப்பு உருகி, துளித்துளியாகத் தெறித்து எரியும். வழக்கமான ரப்பர் எரிபொருளைவிட வேகமாக எரிவது அதனால்தான்.

இந்தியர்களுக்கென ஒதுக்கிய கல்லூரிக்கு நம் பெரியவர்கள் 1961ல் டர்பன் துறைமுகத்திலுள்ள சாலிஸ்பரி தீவுக்குப் படகில் போய்ப் படித்தார்கள். அதன் வழிவந்த டர்பன்-வெஸ்ட்வில்லும் நட்டால் பல்கலைக்கழகமும் 2004ல் இணைந்ததுதான் இன்றைய பல்கலைக்கழகம். அந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் எனக்கு இது இன்னும் பெருமையாக இருக்கிறது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். ஒன்பதாம் வகுப்பு முடிவில் கணிதத்தை விட்டு, சுலபமான கணக்குப் பாடத்துக்குப் போகும் பிள்ளைக்குப் பொறியியலில் இடம் கிடைக்காது. டர்பனில் நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தின் பள்ளிகள் பிள்ளைகளை அதற்கு முன்பே அந்த ராக்கெட் செய்த ஆய்வகத்துக்கு அழைத்துப் போகட்டும்.