பியானோ வகுப்பில் மடிக்கணினி யார் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்?

ஒரே ஒரு மாணவருடன் அமர்ந்து பியானோ சொல்லித்தரும் வகுப்பில் தொழில்நுட்பம் தேவையா என்று பெற்றோர் கேட்கிறார்கள். தேவைதான்; ஆனால் மாணவர் வாசித்து முடிக்கும் வரை திரை அவர் கண்ணில் படக்கூடாது என்பது என் கருத்து.

2020 ஊரடங்கில் இணையவழி வகுப்பு எடுத்தபோது, பெடலை மிதித்து வாசித்த கார்டுகள் (chords, பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பவை) ஓரிரு நொடிகளில் அறுந்துபோவதைக் கேட்டு, ஒரு மாணவனை இரண்டு வாரம் கடிந்துகொண்டேன். பேச்சுக்காக வடிவமைக்கப்பட்ட இரைச்சல் நீக்கும் வசதி, மெல்லத் தேய்ந்து மறையும் பியானோ ஒலியை மின்விசிறிச் சத்தமாக எண்ணி வெட்டிவிடுகிறது என்பது பிறகுதான் புரிந்தது. அதை அணைத்துவிட்டு, அவனிடம் மன்னிப்பும் கேட்டேன்.

இப்போது நான் அதிகம் பயன்படுத்துவது 1983இல் வந்த, இசைக்கருவியையும் கணினியையும் இணைக்கும் மிடி (MIDI) தொழில்நுட்பத்தைத்தான். டிஜிட்டல் பியானோவை மடிக்கணினியுடன் இணைத்தால், ஒவ்வொரு கட்டையும் எந்தக் கணத்தில் அழுந்தியது, எப்போது விடுபட்டது என்பதோடு, எவ்வளவு வேகமாக அழுந்தியது என்பதும் 1 முதல் 127 வரையிலான எண்ணாகப் பதிவாகிவிடும். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் இடது கைச் சுண்டுவிரல், அடுத்த சுரம் ஒலித்த பிறகும் கட்டையிலேயே தங்கிவிடும். "விரலை எடும்மா" என்று ஒவ்வொரு வாரமும் சொல்வேன். "எடுத்துட்டேன் மிஸ்" என்பாள். திரையில் ஒவ்வொரு சுரமும் ஒரு பட்டையாகத் தெரியும்; அதில் ஒரு பட்டையின் வால் அடுத்த பட்டையின் அடியில் நீண்டு கிடந்ததைக் காட்டியதும் சிரித்துவிட்டாள். அன்றே பாதி சரியாகிவிட்டது.

அடுத்த வாரம்தான் சிக்கல். எண்களைப் பார்த்தபடியே வாசித்தவள் எல்லாச் சுரங்களையும் 70க்கு அருகிலேயே நிறுத்திவிட, மெலடியும் அதைத் தாங்க வேண்டிய இடது கையும் ஒரே எடையில் ஒலித்தன. இசை இருந்த இடத்தில் தட்டச்சுதான் மிஞ்சியது. வண்ணப் பட்டைகள் மேலிருந்து விழ, அவற்றைத் துரத்திக் கட்டையை அழுத்தச் சொல்லும் செயலிகளிலும் இதே குறைதான்; அவற்றில் மட்டுமே பழகி வரும் பிள்ளைகள், ஏபிஆர்எஸ்எம் (ABRSM) என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு அமைப்பின் செய்முறைத் தேர்வில், முன்பின் பார்க்காத இசைக்குறிப்பைப் பார்த்தவுடன் வாசிக்கும் சைட் ரீடிங் பகுதியில் அச்சிட்ட நொட்டேஷனை முதன்முறையாகக் காண்பவர்கள்போல் திகைக்கிறார்கள்.

எனவே மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். வாசித்து முடித்ததும், எங்கே கனமாக ஒலித்தது என்று அவளே முதலில் சொல்ல வேண்டும்; பதிவைத் திறப்பது அதற்குப் பிறகுதான். போன வாரம் மூன்று இடங்களைச் சொன்னாள். இரண்டு சரி, மூன்றாவதில் தவறு வலது கையில் இருந்தது.